கத்தரிக்கோலும் முகமும்: திரையில் வில்லியம் பரோஸ்

1966இல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருந்த சினிஃபோன் திரையரங்கில் ‘தி கட்-அப்ஸ்’ என்றொரு குறும்படம் ஓடியது. நீளம் ஏறத்தாழ 20 நிமிடம். ஆபாசம் இல்லை, ரத்தம் இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படம். அப்படியும் சிலர் பாதியிலேயே எழுந்துவந்து, அருவருப்பாக இருக்கிறது என்று ஊழியர்களிடம் முறையிட்டார்கள். காட்சி முடிந்த பிறகு இருக்கைகளுக்கு அடியில் பைகளும் கோட்டுகளும் வழக்கத்தைவிட அதிகமாகக் கிடந்தன. பார்த்தவர்கள் தங்கள் உடைமையை மறந்துவிட்டு வெளியேறியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 காட்சி ஓட்டவேண்டியிருந்த ஊழியர்களுக்கே தாங்க முடியாமல் போனதால் படம் 12 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. இதையெல்லாம் பின்னாளில் சொன்னவர் படத்தின் இயக்குநர் ஆண்டனி பால்ச்.

அந்தப் படத்தில் கோட்டும் தொப்பியுமாக, வங்கி குமாஸ்தாவைப் போன்ற உலர்ந்த முகத்தோடு நடந்து திரியும் மனிதர் நாவலாசிரியர் வில்லியம் எஸ். பரோஸ். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1914இல் பிறந்தவர். கூட்டல் இயந்திரத்தை வடிவமைத்துப் பெரிய நிறுவனத்துக்கு அடித்தளம் போட்டவரின் பேரன், ஹார்வர்டில் படித்தவர். கெரோவாக், கின்ஸ்பெர்க் ஆகியோரோடு சேர்த்துப் பீட் தலைமுறை என்று பேசப்படும் மூவரில் வயதில் மூத்தவர். ஹெராயினுக்கு அடிமையாகி, மெக்ஸிகோ, டாஞ்சியர், பாரிஸ், லண்டன் என்று பல ஊர்களில் வாழ்ந்தவர். 1959இல் பாரிஸின் ஒலிம்பியா பிரஸ் வெளியிட்ட ‘நேக்கட் லஞ்ச்’ நாவலுக்காக அமெரிக்காவில் வழக்கு நடந்தது. பாஸ்டன் நீதிமன்றத்தில் நார்மன் மெய்லரும் ஆலன் கின்ஸ்பெர்க்கும் நூலுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார்கள். 1966இல் மாசசூசெட்ஸ் உச்சநீதிமன்றம் அது ஆபாச நூல் அல்ல என்று தீர்ப்பளித்தது.

அமெரிக்க எதிர்க்கலாச்சாரத்தின் நாவலாசிரியர்களில் திரையில் இவர் அளவுக்குத் தென்பட்டவர் வேறு யாருமில்லை என்றே நினைக்கிறேன். நடிகராக, பின்னணிக் குரலாக, ஆவணப்படத்தின் நாயகனாக, பிற நடிகர்கள் ஏற்ற பாத்திரமாக அறுபது ஆண்டுகளாக அவர் வந்துகொண்டே இருக்கிறார். ஆனால் இந்தப் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. பரோஸிடமிருந்து சினிமா கற்றுக்கொண்டிருக்க வேண்டியது ஒரு முறையை. அது எடுத்துக்கொண்டதோ ஒரு முகத்தை, ஒரு குரலை, ஒரு மரணத்தை. அந்த மரணம் அவருடையதுமல்ல, அவர் மனைவியுடையது.

முறையிலிருந்து தொடங்கலாம். பாரிஸில் ழி-லெ-கேர் தெரு 9ஆம் எண்ணில் ஒரு மலிவான விடுதி இருந்தது. பீட் எழுத்தாளர்கள் தங்கியதால் பீட் ஹோட்டல் என்று பெயர் பெற்றது. 1959இல் அங்கே ஓவியர் பிரையன் ஜைசின், படங்களை ஒட்டுவதற்கான அட்டையைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். அடியில் விரித்திருந்த செய்தித்தாள்களும் சேர்ந்து அறுபட்டன. துண்டுகளை இடம் மாற்றி வைத்தபோது புதுப்புது வாக்கியங்கள் உண்டாயின. பரோஸ் அதைப் பற்றிக்கொண்டார். எழுதிய பக்கத்தை நான்காக வெட்டி, மாற்றி அடுக்கி, கிடைத்ததிலிருந்து தேர்ந்தெடுத்து எழுதுவது அவருடைய வேலைமுறையாகவே ஆயிற்று. 1961க்கும் 1964க்கும் இடையே வந்த ‘தி சாஃப்ட் மெஷின்’, ‘தி டிக்கெட் தட் எக்ஸ்ப்ளோடட்’, ‘நோவா எக்ஸ்பிரஸ்’ மூன்றும் இப்படிப் பிறந்தவை.

இது வெறும் விளையாட்டல்ல. நம் மூளைக்குள் ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்ட சொல்வரிசைகள் ஓடுகின்றன, அவற்றின் வழியாகத்தான் அதிகாரம் நம்மை ஆள்கிறது என்று பரோஸ் உறுதியாக நம்பினார். வரிசையைக் கலைத்தால் கட்டுப்பாடு தளரும். உலகம் என்று நாம் காண்பதே யாரோ எங்கோ எடுத்து ஓட்டும் படம் என்ற கற்பனையும், அதை எடுக்கும் ஸ்டூடியோவைத் தாக்கவேண்டும் என்ற அறைகூவலும் அந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆக, அவர் உலகத்தைப் புரிந்துகொண்டதே படச்சுருளாகத்தான். எழுத்தில் கத்தரிக்கோல் புதுமை. சினிமாவிலோ அது பிறவிக் கருவி. குலஷோவும் ஐசன்ஸ்டைனும் வெர்தோவும் இருபதுகளிலேயே, வெட்டி ஒட்டுவதிலிருந்துதான் பொருள் பிறக்கிறது என்று காட்டிவிட்டார்கள். எழுத்தாளர் ஒருவர் சுற்றிவளைத்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, கையில் காமிராவோடு காத்திருந்தவர் பால்ச்.

ஆண்டனி பால்ச் கலைப்பட உலகத்து ஆள் மட்டுமல்ல. லண்டனில் படங்களை வாங்கி விநியோகித்தவர், திரையரங்குகளை நடத்தியவர். முப்பது ஆண்டுகளாகப் பிரிட்டனில் தடை செய்யப்பட்டிருந்த டாட் பிரௌனிங்கின் ‘ஃப்ரீக்ஸ்’ படத்தை 1963இல் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பின்னாளில் ‘ஹாரர் ஹாஸ்பிட்டல்’ போன்ற மலிவான திகில் படங்களையும் மனமொப்பி எடுத்தார். வியாபாரமும் சோதனையும் அவருக்கு ஒரே தொழிலின் இரண்டு வேலைகள். பரோஸோடு அவருக்கு ஒத்துப்போனதற்கு இதுவும் காரணம். பரோஸுமே தன் நாவல்களைத் துப்பறியும் கதை, விண்வெளிக் கதை, கௌபாய்க் கதை ஆகியவற்றின் எலும்புகளைக் கொண்டு கட்டியவர்.

இருவரும் சேர்ந்து முடித்த முதல் முக்கியமான படம் ‘டவர்ஸ் ஓப்பன் ஃபயர்’, 1963. சுமார் 10 நிமிடம். ஒரு நிர்வாகக் குழுக் கூட்டம் நடக்கிறது. அதைப் படமாக்கியது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் கூட்ட அறையிலேயே. உலகத்தை ஆள்பவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு பரோஸ் ராணுவ உடையும் வாயு முகமூடியும் அணிந்து, பிங்பாங் பந்து சுடும் பொம்மைத் துப்பாக்கியால் குடும்பப் புகைப்படங்களைச் சுடுகிறார். கூட்டத்தில் இருந்தவர்கள் இருக்கைகளிலிருந்து மறைந்துபோகிறார்கள். ஓர் இளைஞன் ஆடுகிறான், வானத்தை அண்ணாந்து பார்க்கிறான். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் வண்ணப் புள்ளிகள் கொட்டுகின்றன. அந்தப் புள்ளிகளை ஒவ்வொரு பிரதியிலும் பால்ச் தன் கையாலேயே தீட்டினார். குடும்பப் படங்களைச் சுடும் அந்தக் காட்சி நெடுநேரம் மனத்தில் தங்கிவிடுகிறது. துப்பாக்கியால் மனைவியைக் கொன்று தன் குடும்பத்தை உண்மையிலேயே அழித்த ஒருவர், பொம்மைத் துப்பாக்கியோடு காமிராவுக்கு முன்னால் நிற்கிறார். அதைப் பற்றிப் படம் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

அடுத்தது ‘தி கட்-அப்ஸ்’. டாஞ்சியரிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் பரோஸும் ஜைசினும் தங்கிய விடுதிகளில், வேறொரு முடியாத படத்துக்காக எடுத்துவைத்த காட்சிகள் பால்ச்சிடம் குவிந்திருந்தன. அவர் அந்தச் சுருளை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். பிறகு லேபில் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்து, முதல் பகுதியிலிருந்து ஓர் அடி, இரண்டாவதிலிருந்து ஓர் அடி, மூன்றாவதிலிருந்து, நான்காவதிலிருந்து, மறுபடி முதலிலிருந்து என்று கடைசிவரை ஒட்டச் சொன்னார். எதை எங்கே வெட்டுவது என்ற முடிவு படத்தொகுப்பாளர் கையில் இல்லை; அளவுகோலின் கையில். 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். விநாடிக்கு 24 சட்டகம் ஓடும் திரையில் அது ஒரு விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு. ஜைசின் ஓவியச் சுருளை விரிக்கிறார், பரோஸ் பெட்டியில் துணி அடுக்குகிறார், மருத்துவராகி ஓர் இளைஞனைப் பரிசோதிக்கிறார், தெருவில் நடக்கிறார். எந்தச் செயலும் முடிவதில்லை, எதுவும் முற்றாக அறுபடுவதுமில்லை. காதிலோ அன்றாடப் பேச்சின் நாலைந்து துணுக்குகள், சயின்டாலஜி இயக்கத்தின் விசாரணைப் பயிற்சியிலிருந்து எடுத்தவை, வரிசை மாறி மாறி ஒலிக்கின்றன.

நான்கைந்து நிமிடத்துக்குப் பிறகு விநோதமான ஒன்று நடக்கிறது. அடுத்து வரப்போகும் துண்டை மனம் முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்குகிறது, அந்த எதிர்பார்ப்பு ஒவ்வொரு முறையும் மூன்றில் இரண்டு விநாடியில் முறிகிறது. கதை சொல்லாத ஒரு படம், கதைக்காக நாம் எவ்வளவு ஏங்குகிறோம் என்பதை நமக்கே காட்டிக்கொடுக்கிறது. ‘நோவா எக்ஸ்பிரஸ்’ பக்கங்களில் வெட்டி ஒட்டிய உரைநடை நூறு பக்கத்துக்கு மேல் களைப்பூட்டும். இதைப் பரோஸின் அபிமானிகளே ஒப்புக்கொள்வார்கள். வாசகர் தன் வேகத்தில் படிப்பதால் புத்தகத்தில் தப்பிக்க வழி உண்டு. திரையில் வேகத்தை நிர்ணயிப்பது இயந்திரம். பரோஸின் முறை அதன் முழு வலிமையோடு வேலை செய்தது அவருடைய எந்த நாவலிலும் அல்ல, இந்தக் குறும்படத்தில்தான் என்பது என் முடிவு.

ஆனால் அந்தப் பாதை அங்கேயே நின்றுபோயிற்று. 1970களின் தொடக்கத்தில் ‘நேக்கட் லஞ்ச்’ நாவலைப் படமாக்க ஜைசின் திரைக்கதை எழுதினார், பால்ச் இயக்குவதாக இருந்தது, மிக் ஜாக்கரை நடிக்கவைக்கும் பேச்சும் நடந்தது. பணம் திரளவில்லை. 1980இல் பால்ச் இறந்தார். குப்பைக்குப் போகவிருந்த அவருடைய படச்சுருள்களை இசைக்கலைஞர் ஜெனசிஸ் பி-ஓரிட்ஜ் மீட்டெடுத்ததால்தான் மிச்சமிருந்த துண்டுகளாவது நமக்குக் கிடைத்தன.

பால்ச் செய்த இன்னொரு காரியம் பரோஸின் திரை வாழ்க்கையை வேறு திசையில் திருப்பியது. டென்மார்க்கைச் சேர்ந்த பெஞ்சமின் கிறிஸ்டென்சன் 1922இல் எடுத்த ‘ஹாக்ஸன்’ என்ற மௌனப் படத்தை, சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்களின் வரலாற்றைச் சொல்லும் அந்தப் படத்தை, 1968இல் பால்ச் சுருக்கி மறுவெளியீடு செய்தார். தானியல் யூமெர் ஜாஸ் இசை அமைத்தார், ழான்-லுக் பொந்தி வயலின் வாசித்தார். எழுத்து அட்டைகளுக்குப் பதிலாகப் பரோஸின் குரல். ஏற்ற இறக்கமில்லாத, மூக்கடியிலிருந்து வரும், பழைய அமெரிக்க மத்தியமேற்குக் குரல். சித்திரவதைக் கருவிகளைப் பற்றி அந்தக் குரல் பட்டியல் வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போகும்போது, விசாரணை மன்றங்களின் கொடூரம் அலுவலகக் கோப்பாகக் கண்முன் வந்து நிற்கிறது. கொடுமையைக் கொடூரமாகச் சொல்லத் தேவையில்லை என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய பின்னணிக் குரலை நான் கேட்டதில்லை.

முகத்தை முதலில் கண்டுபிடித்தவர் கான்ராட் ரூக்ஸ். போதைக்கும் குடிக்கும் அடிமையாகி மீண்ட அவர், தன் சிகிச்சைக் காலத்தையே ‘சப்பாக்வா’ என்ற படமாக எடுத்தார். ஒளிப்பதிவு ராபர்ட் ஃப்ராங்க். பரோஸ் ஏற்ற பாத்திரத்தின் பெயர் ஓப்பியம் ஜோன்ஸ். போதையே மனித உருவெடுத்து வந்ததுபோல நாயகனைத் தொடர்கிறவர். 1966 வெனிஸ் விழாவில் படம் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. படமாக இது ஒழுங்கற்றது. ஆனால் அதன் வழியே கடந்துபோனவர்களைப் பார்த்தால் ஒரு காலகட்டமே தெரியும். இசை ரவிசங்கர். அவருடைய இசையைப் பாரிஸில் மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்காகக் குறியீட்டில் எழுதித் தந்த இளைஞர் ஃபிலிப் கிளாஸ். தன் இசையின் தாளக் கணக்கு அங்கேதான் மாறியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

படத்தில் தோன்றும் துறவி சுவாமி சச்சிதானந்தா, கோவைக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையத்துக்காரர், இலங்கையில் ஆசிரமம் நடத்திவந்தவர். ரூக்ஸ் மூலமாக அவரைச் சந்தித்த ஓவியர் பீட்டர் மாக்ஸ்தான் 1966இல் அவரை நியூயார்க்குக்கு அழைத்துப்போனார். மூன்று ஆண்டுகள் கழித்து வுட்ஸ்டாக் மேடையில் தொடக்க உரை ஆற்றியவரும் அவரே. ஒரு கொங்குநாட்டுத் துறவியும் ‘நேக்கட் லஞ்ச்’ ஆசிரியரும் ஒரே படத்தில் இடம்பெற்றிருக்கிறார்கள் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய தகவல். ரூக்ஸ் பிறகு இந்தியாவுக்கு வந்து சசி கபூரை வைத்து ‘சித்தார்த்தா’வை எடுத்தார்.

‘சப்பாக்வா’வுக்கு முதலில் இசையமைத்தவர் ஜாஸ் மேதை ஆர்னெட் கோல்மன். அந்த இசை படத்தையே விழுங்கிவிடும் என்று ரூக்ஸ் பயன்படுத்தாமல் விட்டார். அது தனி இசைத்தட்டாக வந்தது. கோல்மன் 1973இல் மொராக்கோ மலைக்கிராமமான ஜூஜூகாவின் இசைஞர்களோடு வாசித்தபோது பரோஸும் அங்கே இருந்தார். அந்தப் பதிவின் ஒரு பகுதி பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு டேவிட் க்ரோனென்பெர்க்கின் ‘நேக்கட் லஞ்ச்’ படத்தில் ஒலிக்கிறது.

அதற்குமுன் காகிதத்தில் நின்றுபோன படங்களைச் சொல்லவேண்டும். 1935 அக்டோபரில் நியூவார்க் நகர உணவகம் ஒன்றில் சுடப்பட்ட கொள்ளைக்காரன் டச் ஷுல்ட்ஸ், சாகும்வரை ஜன்னியில் உளறியதைக் காவல் துறையின் சுருக்கெழுத்தாளர் எழுதிவைத்தார். முன்பின் தொடர்பற்ற அந்த உளறல், பரோஸுக்கு இயற்கையே எழுதித்தந்த வெட்டு உரைநடையாகப் பட்டது. அதை வைத்துத் திரைக்கதை வடிவிலேயே ஒரு நூல் எழுதினார். அவர் காலத்தில் அது படமாகவில்லை. இன்னொன்று மருத்துவரும் எழுத்தாளருமான ஆலன் நர்ஸின் ‘தி பிளேட்ரன்னர்’ நாவல். சட்டவிரோத மருத்துவர்களுக்கு அறுவைக் கருவிகள் கடத்தும் சிறுவனின் கதை. 1979இல் பரோஸ் அதைத் திரைவடிவமாக்கி ‘பிளேட் ரன்னர், எ மூவி’ என்ற சிறு நூலாக வெளியிட்டார். ஃபிலிப் கே. டிக்கின் நாவலை ரிட்லி ஸ்காட்டுக்காகத் திரைக்கதையாக்கிக்கொண்டிருந்த ஹாம்ப்டன் ஃபேன்ச்சர் கண்ணில் அந்தத் தலைப்பு பட்டது. உரிமை வாங்கப்பட்டது. 1982இல் வந்த படத்தில் பரோஸின் கதையிலிருந்து ஒரு காட்சிகூட இல்லை. பெயர் மட்டும் உலகப் புகழ் பெற்றது.

எழுபதுகளின் இறுதியில் நியூயார்க் பல்கலைக்கழகத் திரைப்பட மாணவர் ஹோவர்ட் ப்ரூக்னர், பட்டப்படிப்புக்கான வேலையாகப் பரோஸைப் படம்பிடிக்கத் தொடங்கினார். ஒளிப்பதிவு டாம் டிசில்லோ, ஒலிப்பதிவு ஜிம் ஜார்முஷ். இருவரும் அப்போது சக மாணவர்கள். 1983இல் முடிந்த ‘பரோஸ்: தி மூவி’ என்ற இந்த ஆவணப்படம் பரோஸைப் பற்றிய படங்களிலேயே தலைசிறந்தது. ‘நேக்கட் லஞ்ச்’ நாவலின் கிறுக்கு மருத்துவர் பென்வேயாகப் பரோஸே ரத்தம் தெறிக்க அறுவை சிகிச்சை செய்யும் காட்சி இதில் உண்டு. செயின்ட் லூயிஸில் அவருடைய அண்ணன் மார்ட்டிமர், தம்பியின் நாவல் தனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறார். தம்பி பக்கத்திலேயே இருக்கிறார். மகன் பில்லியும் வருகிறான். தாயைத் தந்தை சுட்டுக்கொன்றபோது அவனுக்கு நான்கு வயது. வளர்ந்து தானும் நாவல்கள் எழுதி, குடியால் கல்லீரல் கெட்டு, 1981இல் 33 வயதில் இறந்துபோனான். தந்தையும் மகனும் ஒரே சட்டகத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் இருவருக்கும் பேசத் தெரியவில்லை. காமிரா அவசரப்படாமல் நிற்கிறது. நடிகர்களைக் கொண்டு எடுத்த எந்தப் படமும் இந்த இடத்துக்கு வந்ததில்லை. ப்ரூக்னர் 1989இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். பல ஆண்டுகள் காணக்கிடைக்காமல் இருந்த படத்தை அவருடைய சகோதரர் மகன் ஆரன் ப்ரூக்னர் தேடிப்பிடித்துச் செப்பனிட்டார்.

எண்பதுகளில் பரோஸ் எல்லா இடத்திலும் தெரிந்தார். 1984இல் வந்த ஜெர்மன் படம் ‘டிகோடர்’ மட்டும் அவருடைய சிந்தனையை எடுத்தாண்டது: ஒலிகளை நாடாவில் பதிந்து பரப்பினால் கலகம் மூளும் என்ற அவருடைய ‘எலக்ட்ரானிக் ரெவல்யூஷன்’ கட்டுரையின் வாதத்தைக் கதையாக்கியது. மற்றவை பெரும்பாலும் முகத்துக்காக அழைத்தவை. லாரி ஆண்டர்சன் ‘ஹோம் ஆஃப் தி பிரேவ்’ படத்தில் அவரோடு டாங்கோ ஆடினார். 1994இல் காலணி நிறுவனமான நைக்கியின் விளம்பரத்தில்கூட அவர் வந்தார். கட்டுப்பாட்டின் மொழியை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவரின் குரல் காலணி விற்கப் பயன்பட்டதைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் யூ2 இசைக்குழுவின் காணொளியில் தள்ளுவண்டியோடு நின்றதே அவருடைய கடைசித் திரைத்தோற்றம்.

இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று நடிப்பு என்று சொல்லத்தக்கது. கஸ் வான் சான்ட் 1978இலேயே பரோஸின் சிறுகதை ஒன்றை ‘தி டிசிப்ளின் ஆஃப் டி.இ.’ என்ற குறும்படமாக எடுத்திருந்தவர். 1989இல் ‘டிரக்ஸ்டோர் கௌபாய்’ எடுத்தபோது, போதைக்கு அடிமையான முதிய பாதிரியார் டாம் வேடத்துக்குப் பரோஸை அழைத்தார். பாத்திரத்தைப் பரோஸ் தரப்பு தன் போக்குக்கு மாற்றி எழுதிக்கொண்டது. மலிவான விடுதியின் தாழ்வாரத்தில் கறுப்பு உடையும் தொப்பியுமாக அவர் மெல்ல நடந்துவருகிறார். போதை ஒழிப்பைச் சாக்கிட்டு வலதுசாரிகள் உலகளாவிய காவல் அமைப்பை உருவாக்குவார்கள் என்று அமைதியாகச் சொல்கிறார். படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது அக்டோபரில். அதற்கு முந்தைய மாதம்தான் அதிபர் புஷ் தொலைக்காட்சியில் கொக்கைன் பொட்டலத்தைத் தூக்கிக்காட்டிப் போதைக்கு எதிரான போரைப் பற்றி உரையாற்றியிருந்தார். இறுதியில் மாட் டில்லன் ஒரு மாத்திரைப் புட்டியைக் கொடுக்கும்போது பரோஸ் அதை வாங்கும் விதத்தைக் கவனியுங்கள். பேராசை இல்லை. பூசைப் பாத்திரத்தைக் கையில் வாங்கும் பணிவு. 1980 முதல் இறக்கும்வரை மெத்தடோன் சிகிச்சையில் இருந்த 75 வயது மனிதரின் விரல்கள் அவை. அதை யாரும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

இனி மரணத்துக்கு வருவோம். 1951 செப்டம்பர் 6. மெக்ஸிகோ நகரத்தின் ரோமா பகுதியில், மதுக்கடை ஒன்றின் மேல்மாடி அறை. குடிபோதையில் இருந்த பரோஸ், மனைவி ஜோன் வோல்மரின் தலையில் கண்ணாடித் தம்ளரை வைக்கச்சொல்லி, வில்லியம் டெல் வித்தை காட்டப்போவதாகச் சுட்டார். குண்டு நெற்றியில் பாய்ந்தது. ஜோனுக்கு வயது 28. பரோஸ் 13 நாள் சிறையில் இருந்தார். பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். அவர் இல்லாமலே தீர்ப்பு வந்தது, நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டு தண்டனை. 1985இல் ‘குயர்’ நாவலுக்கு எழுதிய முன்னுரையில், ஜோனின் சாவு இல்லாவிட்டால் தான் எழுத்தாளனாகியிருக்க முடியாது என்ற பொருளில் பரோஸ் எழுதினார். குற்றவுணர்வோடு எழுதப்பட்ட, நேர்மையான வாக்குமூலம் அது. ஆனால் சினிமா அதை ஒரு தத்துவமாகவே எடுத்துக்கொண்டது.

க்ரோனென்பெர்க்கின் ‘நேக்கட் லஞ்ச்’ 1991இல் வந்தது. டாஞ்சியரில் எடுக்கத் திட்டமிட்டு, வளைகுடாப் போர் மூண்டதால் டொரண்டோ ஸ்டூடியோவுக்குள் எடுத்த படம். நாவலை உள்ளபடி எடுத்தால் எல்லா நாட்டிலும் தடை செய்வார்கள் என்று உணர்ந்த இயக்குநர், நாவலையும் நாவலாசிரியரின் வாழ்க்கையையும் கலந்து வேறொன்றைச் செய்தார். வண்டாக மாறிப் பேசும் தட்டச்சு இயந்திரங்கள், பீட்டர் வெல்லரின் அசையாத முகம், ஹோவர்ட் ஷோரின் இசையோடு இழையும் கோல்மனின் சாக்ஸஃபோன் எல்லாம் அற்புதம். கடைசிக் காட்சியில் நாயகன் பில் லீ ஓர் எல்லைச் சாவடிக்கு வருகிறான். எழுத்தாளன் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள் காவலர்கள். பேனாவை எடுத்துக்காட்டுகிறான், போதாது என்கிறார்கள். வண்டிக்குள் இருக்கும் ஜோனை எழுப்பி, தலையில் தம்ளரை வைக்கச்சொல்லிச் சுடுகிறான். படத்தில் அவள் சாவது இது இரண்டாம் முறை. காவலர்கள் அவனை உள்ளே வரவேற்கிறார்கள். அவன் கண்ணில் நீர்.

திரைக்கலையாக இந்தக் காட்சியில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அது சொல்லும் பொருளை ஏற்க என்னால் முடியவில்லை. ஒரு பெண்ணின் பிணத்தை எழுத்தாளனின் அடையாள அட்டையாக்கிவிட்டது அது. 1951இல் நடந்தது குடியும் அலட்சியமும் செய்த கொலை. அதற்கு முன்பே பரோஸ் எழுதத் தொடங்கிவிட்டார். ‘ஜங்கி’ நாவலின் பெரும்பகுதி ஜோன் உயிரோடிருக்கையில் எழுதப்பட்டது. சாவு இல்லாமல் எழுத்து இல்லை என்ற கதைக்கு இந்த ஒரு தகவலே போதிய மறுப்பு.

இருந்தும் அந்தத் தம்ளர் திரும்பத் திரும்ப வருகிறது. லூகா குவாடக்னினோ 2024இல் எடுத்த ‘குயர்’ படத்தில் டேனியல் கிரெய்க் நடித்த லீ, தான் நேசித்த இளைஞனின் தலையில் தம்ளரை வைத்துக் கனவில் சுடுகிறான். நாவலில் அப்படி எதுவும் கிடையாது. ரோமின் சினெசித்தா ஸ்டூடியோவில் கட்டிய மெக்ஸிகோ நகரமும், கிரெய்க்கின் வெட்கம் கெட்ட தனிமையும் அந்தப் படத்தை உயர்த்துகின்றன. காதலுக்காகக் கெஞ்சும் பரோஸை அதற்குமுன் யாரும் இப்படிக் காட்டியதில்லை. ஆனால் அங்கே ஜோன் என்ற மனுஷி இல்லவே இல்லை. அவள் தலைமேல் இருந்த தம்ளர் மட்டும் இருக்கிறது.

கேரி வால்கோவ் 2000இல் எடுத்த ‘பீட்’ ஒன்றுதான் ஜோனை நடுவில் நிறுத்தியது. கோர்ட்னி லவ் ஜோனாகவும், கீஃபர் சதர்லாந்து பரோஸாகவும் நடித்தார்கள். எழுத்திலும் ஆக்கத்திலும் பலவீனமான படம், பெரிய கவனம் பெறவில்லை. ஆனாலும் சாவதற்குச் சில நாட்களுக்கு முன் ஜோன் என்ன நினைத்திருப்பாள் என்று கேட்டுப்பார்த்த படம் அது.

கேட்டுப்பார்க்க நிறையவே இருக்கிறது. பர்னார்ட் கல்லூரியில் படித்த ஜோன், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் எடுத்திருந்த வாடகை வீட்டில்தான் நாற்பதுகளின் நடுவில் கெரோவாக்கும் கின்ஸ்பெர்க்கும் பரோஸும் கூடிப் பேசினார்கள். அந்தப் பேச்சில் அவள் எவருக்கும் சளைத்தவளல்ல என்று அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். பென்ஸெட்ரின் பழக்கம் அவள் உடலைத் தின்றது. இரண்டு குழந்தைகளின் தாய். பீட் இலக்கியம் என்று பிறகு பேர் பெற்ற ஒன்றுக்கு இடம் கொடுத்தவள்.

பரோஸைத் திரையில் அறிய விரும்புகிறவர்கள் ‘நேக்கட் லஞ்ச்’ படத்திலிருந்தோ ‘குயர்’ படத்திலிருந்தோ தொடங்க வேண்டாம். பால்ச்சின் இரண்டு குறும்படங்களை முதலில் பாருங்கள்; இரண்டும் சேர்ந்தே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்து ப்ரூக்னரின் ஆவணப்படம், அதற்குப் பிறகு ‘டிரக்ஸ்டோர் கௌபாய்’. இவற்றைப் பார்த்தவர்கள் க்ரோனென்பெர்க்கிடம் போனால், அவர் எதைக் கூட்டினார், எதை மறைத்தார் என்பது தானாகவே விளங்கும். ஜோன் வோல்மரைப் பற்றிய நல்ல படம் இன்னும் எடுக்கப்படவில்லை.